எனிட்டின் பெயருக்கு விட்ட இடம்

ஆர்ம்ஸ்லி
1952 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை

என் அருமை ரோடாவுக்கு உன் பெரியம்மா டோர்கஸ் ஆயிரம் முத்தங்களோடு எழுதிக்கொள்வது. கர்த்தர் தயவில் நானும் உன் பெரியப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே வின்னிபெக்கில் நீயும் ஸ்டானும் உன் வயிற்றில் இருக்கிற சின்ன உயிரும் சுகமாக இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் உங்கள் மூன்று பேரையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி ஜெபிக்கிறேன், சின்னதுக்கு இன்னும் பெயர் இல்லாததால் "அது" என்று சொல்கிறேன், கர்த்தருக்குப் புரியும். நீ அனுப்பிய போட்டோ வந்தது. முகம் ஒட்டிப் போயிருக்கிறது, வெளிச்சம் அப்படி என்று நீ எழுதினாலும் நான் நம்பமாட்டேன், இரண்டு பேருக்குச் சாப்பிடவேண்டிய நேரத்தில் ஒரு குருவிக்குச் சாப்பிடுகிறாய் போல. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பின்னி அனுப்பியிருக்கிறேன், அங்கே பனி முழங்கால் வரை வருமாமே, வெளியே போகும்போது ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள், அழகு பார்க்காதே. உன் பெரியப்பா வில்ஃபின் புறா ஒன்று பிரெஸ்டன் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தது, அதற்கு வீட்டில் எனக்குக் கிடைக்காத மரியாதை நடக்கிறது. டீக்கு ரேஷன் இந்த மாதம்தான் எடுத்தார்கள், பன்னிரண்டு வருஷம் அளந்து போட்ட கை இப்போதும் கரண்டியை வழித்துத்தான் போடுகிறது.

நல்ல செய்தி இத்தோடு முடிந்தது. இனி எழுதப்போவதை நின்றுகொண்டு படிக்காதே, அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து படி, ஏனென்றால் நான் பதினைந்து நாளாகக் கொதித்துக்கொண்டிருக்கிறேன், அந்தக் கொதிப்பில் கொஞ்சம் உன்மேலும் தெறிக்கும், முக்கால்வாசி என்மேலேயே தெறிக்கும்.

மார்க்கெட் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன் வாசல் சுவரில் பழைய கல் இருக்கிறதே, முதல் யுத்தத்தில் செத்துப்போன நம் ஊர்ப் போலீஸ்காரர் பதினோரு பேருடைய கல், நீ சின்னப்பிள்ளையில் அதில் இருக்கிற நம்பர்களை விரலால் தடவித் தடவிப் படிப்பாய். அதன் பக்கத்தில் இரண்டாம் யுத்தத்துக்கு ஒரு கல் வைக்கப்போகிறார்கள். நவம்பர் ஒன்பதாம் தேதி நினைவு ஞாயிறு அன்று மேயர் கொடியை இழுத்துத் திறந்து வைப்பார். யுத்தம் முடிந்து ஏழு வருஷம் கழித்து இப்போதுதான் இவர்களுக்கு ஞாபகம் வந்தது, சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கல்லில் வரப்போகிற ஒன்பது பெயர்களை எழுதி நூலக வாசலில் ஒட்டியிருந்தார்கள். காலிஃபிளவர் வாங்கப் போன நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மூன்று தரம் படித்தேன். உன் அம்மா பெயர் இல்லை. ரோடா, எனிட் பெயர் இல்லை. குண்டு விழுந்த அன்றைக்கு ஸ்டேஷன் கூரை இடிந்து மூன்று பேர்மேல் விழுந்தது. ஆக்டன் அம்மாவின் மகன் ஹெரால்டு, நாற்பத்து மூன்றாம் நம்பர், அவன் பெயர் இருக்கிறது. மாடிப்படியில் நின்றிருந்த பதினேழாம் நம்பர்க்காரர், பாவம், அவர் பெயரும் இருக்கிறது. அதே கூரைக்குக் கீழே டெலிபோன் போர்டின் முன்னால் உட்கார்ந்திருந்த என் தங்கச்சி பெயர் மட்டும் இல்லை.

பையோடும் காலிஃபிளவரோடும் நேரே உள்ளே போனேன். எழுத்து வேலை பார்க்கிற இன்ஸ்பெக்டர் ஒருவர் இருந்தார், மீசை வளர்வதற்குக்கூட மேலிடத்தில் அனுமதி கேட்கிற முகம். அவர் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார், "அம்மா, பட்டியல நம்பர் ரிஜிஸ்டரப் பாத்து எடுத்தோம். பொம்பளைங்க துணைப் படைக்கு நம்பரே குடுக்கல. கல்லுல பேரெல்லாம் நம்பர் வரிசையிலதான் வருது. நம்பர் இல்லாத பேர எந்த எடத்துல போடறது, நீங்களே சொல்லுங்க" என்று. நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். பெயர் எழுத்து வரிசையிலும் இருக்காது, பதவி வரிசையிலும் இருக்காது, சட்டைக் காலரில் குத்தியிருக்கிற நம்பர் வரிசைதான். செத்தவர் நம்பர் அடுத்து வேலைக்கு வருகிறவருக்குப் போகும். நினைவு ஞாயிறு அன்று சார்ஜெண்ட் ஒவ்வொரு நம்பராகப் பெயரோடு கூப்பிட, இன்றைக்கு அந்த நம்பரைக் காலரில் வைத்திருக்கிறவர் செத்தவருக்காக "இருக்கேன், சார்ஜெண்ட்" என்று பதில் சொல்வார். நல்ல வழக்கம்தான், ஒவ்வொரு வருஷமும் அதைக் கேட்டு அழுதிருக்கிறேன். ஆனால் எனிட்டுக்கு இவர்கள் ஒரு தொப்பியும், தோள் பக்கம் தொங்குகிற ஒரு கோட்டும், கையில் கட்ட ஒரு பட்டையும் கொடுத்தார்களே தவிர காலரில் நம்பர் கொடுக்கவில்லை. கொடுக்காதது அவர்கள், இல்லாமல் போனது அவள் குற்றமா?

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏன் ஐயா, குண்டு போட்டவன் மேல இருந்து நம்பர் பாத்தா போட்டான்?" என்று கேட்டேன். அவர் நாற்காலியில் நெளிந்தார். "கோவப்படாதீங்கம்மா, டெலிபோன் ரூம்ல, உள்பக்கமா, ஒரு பித்தளைத் தகடு மாட்டித் தர்றோம்" என்றார். "உள்பக்கமா? யாரு பாக்கறதுக்கு, ஸ்டேஷன் பூனை பாக்கறதுக்கா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். வந்த பிறகுதான் தெரிந்தது, காலிஃபிளவரை அவர் மேசையிலேயே வைத்துவிட்டேன். அதையும் திருப்பித் தரவில்லை, தின்றிருப்பார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் சார்ஜெண்ட் டாட்டர்சால் நம் வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற்று நாலு வருஷமாகிறது, ஆனால் இப்போதும் ஷூவைத் துடைக்காமல் தெருவில் இறங்கமாட்டார். பட்டியலைப் பார்த்ததுமே அவரும் போய்ச் சண்டை போட்டிருக்கிறார், கேட்கவில்லை. உன் பெரியப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து சார்ஜெண்ட் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார், "இந்தக் கையாலதான், டோர்கஸ், செங்கல்லு பொறுக்குனேன். மூணு பேரத் தூக்கிட்டு வந்து முற்றத்துல வரிசையாப் படுக்க வெச்சேன். நம்பர் பாத்துப் படுக்க வெக்கல." உன் பெரியப்பா எழுந்து புறாக்கூண்டுப் பக்கம் போய்விட்டார், அவர் அழுதால் அங்கேதான் அழுவார்.

மறுநாள் புதன்கிழமை, ஜெபக்கூடத்தில் பெண்கள் கூட்டம். திறப்பு விழா முடிந்ததும் இருநூறு பேருக்கு டீயும் ரொட்டியும் இஞ்சிக் கேக்கும் யார் யார் என்னென்ன செய்வது என்று பேசுவதற்குத்தான் கூட்டமே. இந்த ஊரில் எது திறந்தாலும், யார் செத்தாலும், நம் ஜெபக்கூடத்து டீதானே. நான் இன்னும் வாயே திறக்கவில்லை. ஆக்டன் அம்மா எழுந்தாள், எழுபத்தொரு வயசு, தெருமுனைக் கடையை இன்றைக்கும் தனியாகத்தான் நடத்துகிறாள், கைத்தடியைத் தரையில் ஒரு தட்டு தட்டினாள். "எம்புள்ள ஹெரால்டு பேரு அந்தக் கல்லுல இருக்கு. கூப்புட்டா பதில் சொல்ல நாப்பத்து மூணாம் நம்பர் செம்பட்டத் தலையன் ஒருத்தன் இருக்கான். எனிட்டக் கூப்புடவும் ஆளில்ல, பதில் சொல்லவும் ஆளில்ல. எனிட் பேரு இல்லாத கல்லுக்கு நான் ஒரு துண்டு ரொட்டி வெட்ட மாட்டேன். ஏண்டி டோர்கஸ், டீ பாய்லர் அலமாரி சாவி யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டாள். "எங்கிட்ட, ஏப்ரன் பையில" என்றேன். "அங்கயே இருக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான் தீர்மானம். எல்லோரும் ஒரு பாட்டுப் பாடி ஜெபம் பண்ணி எழுந்துவிட்டோம்.

ரோடா, அந்த ஒரு வாரம் ஊர் பட்ட பாட்டை நீ பார்த்திருக்கவேண்டும். நகராட்சியிலிருந்து கூட்டுறவுக் கடைப் பெண்கள் சங்கத்தைக் கேட்டார்கள், அவர்கள் மாட்டோம் என்றார்கள். பெரிய கோயில் சபைப் பெண்களைக் கேட்டார்கள், நாற்பது வருஷமாக நம்மோடு பேசாதவர்கள்கூட மாட்டோம் என்றார்கள். நவம்பர் குளிரில் ஒரு மணிநேரம் நின்று ஊதிவிட்டுச் சூடாக ஒரு டீ இல்லையென்றால் வரமாட்டோம் என்று வாத்தியக்காரர்கள் சொன்னார்கள், அது நமக்காக இல்லை, அவர்கள் தொண்டைக்காக. உன் பெரியப்பா ராத்திரிச் சாப்பாட்டில் தலையைத் தூக்காமல், "போலீசுக்கே டீய நிறுத்துன ஊரு ஒலகத்துலயே நம்ம ஊராத்தான் இருக்கும், உன்னப் புடிச்சுட்டுப் போனா எம்புறாவுக்கு யாரு பட்டாணி ஊறப் போடறது?" என்றார். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான், பெருமை பாவம் என்று தெரிந்தும் பெருமைதான்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் சூப்பிரண்டு பில்லிங் அவரே வந்தார். யுத்தத்துக்குப் பிறகு வேறு ஊரிலிருந்து வந்தவர், உயரமான மனுஷன், நம் வீட்டு வாசலில் குனிந்துதான் நுழையவேண்டியிருந்தது. உட்காரச் சொன்னேன், டீ கொடுக்கவில்லை. என் வீட்டு மேசையில் ஒரு மனுஷன் டீ இல்லாமல் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உன் பெரியப்பா பழக்க தோஷத்தில் கெட்டிலை அடுப்பில் வைத்தார், நான் எழுந்து இறக்கி வைத்தேன். சூப்பிரண்டு அதைப் பார்த்தார். "அம்மா, நம்பர் விஷயத்துல நீங்க சொல்றது நியாயம்தான். நம்பர் எடத்தக் காலியா விட்டுட்டுப் பேர மட்டும் கடைசி வரியில வெட்டலாம்னு நானே சொல்லிட்டேன்" என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று வாய்க்குள் சொல்லியும்விட்டேன். அப்போது அவர், "ஆனா இன்னொரு விஷயம் இருக்கு. இந்தக் கல்லு வேலையில இருக்கறப்ப செத்தவங்களுக்கு. உங்க தங்கச்சி வேலை ஆறு மணிக்கு முடிஞ்சுது. குண்டு விழுந்தது ஏழே கால். அவங்க வேலை முடிஞ்சு கெளம்பிட்டாங்க, சங்கு ஊதுனதால ஸ்டேஷன்லயே ஒதுங்கியிருக்காங்க. அன்னிக்கு ரிஜிஸ்டரெல்லாம் எரிஞ்சு போச்சு, இருந்தாலும் அவங்க பொண்ணே எழுதிக் குடுத்திருக்காங்க" என்று சொல்லி, கோட்டுப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

உன் கையெழுத்து. நான் பிடித்து எழுதவைத்த கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஆகஸ்டு மாதமே அவர்கள் உனக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள், டெலிபோன் அறையில் பித்தளைத் தகடு போதுமா என்று, நீயும் நல்ல பெண்ணாகப் பதில் எழுதிவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? என்னைச் சிரமப்படுத்தக்கூடாது என்று நினைத்திருப்பாய். நான் இந்தப் பக்கம் ஊரையே கூட்டிச் சண்டை போட, அந்தப் பக்கத்திலிருந்து என் பிள்ளையே கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. நீ இங்கே இருந்திருந்தால் இருபத்திரண்டு வயசு, பிள்ளைத்தாச்சி என்றெல்லாம் பார்த்திருக்கமாட்டேன்.

அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீ எழுதியிருந்ததைப் படித்தேன். "என் அம்மா அப்போது வேலையில் இல்லை. ஆறு மணிக்கே முடித்துவிட்டு வீட்டுக்கு, என்னிடம், வந்துகொண்டிருந்தார். அதனால் கல்லில் பெயர் வரமுடியாது என்பது எனக்குப் புரிகிறது. அவர் என்னிடம் வந்துகொண்டிருந்தார் என்பதே எனக்குப் போதும்."

ரோடா, அது நான் சொன்ன பொய்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் உனக்குச் சொன்ன பொய் நீ எழுதிய எழுத்தில் சூப்பிரண்டின் பையிலிருந்து வந்து என் மேசைமேல் படுத்துக்கிடந்தது. ஞாயிறு பள்ளியில் பொய் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். உன் அம்மா பெயரைக் கல்லிலிருந்து எடுத்தது நம்பர் ரிஜிஸ்டரும் இல்லை, அந்த மீசைக்காரரும் இல்லை, நான்தான். இத்தனை நாள் ஊரையெல்லாம் திட்டினேனே, அந்தத் திட்டையெல்லாம் ஒன்றாகக் கூட்டி என்மேல் போட்டாலும் போதாது.

நடந்தது இதுதான், இப்போது உனக்கு எல்லாவற்றையும் எழுதுகிறேன். கிறிஸ்துமசுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நீ பத்து வயசு, நம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வண்ணக் காகிதம் வெட்டி மாலை ஒட்டிக்கொண்டிருந்தாய். அம்மா ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்து மாலையைக் கூரையில் மாட்டுகிறேன் என்று சொல்லியிருந்தாள். ஆறு மணிக்கு அவளை மாற்ற வரவேண்டிய பெண் வரவில்லை. ஆறரைக்கு அபாயச் சங்கு ஊதியது, பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டது. அந்தப் பெண்ணைக் குறை சொல்லாதே, அவள் அடுத்த ஊரில் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள். எனிட் ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆக்டன் அம்மா கடைக்கு டெலிபோன் பண்ணினாள், தெருவிலேயே அங்கேதானே டெலிபோன் இருந்தது. ஆக்டன் அம்மா அவள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் வைத்திருக்கிறாள், "எனக்கு பதிலா வர்ற பொண்ணு வரல. நான் எந்திரிச்சா போர்டுல ஆளில்ல. ரோடாவப் படிக்கட்டுக்கு அடியில உக்கார வெக்கச் சொல்லுங்க. காகித மாலைய நான் வந்து மாட்டிக்கறேன், அவ ஏணியில ஏற வேணாம்னு அக்காகிட்ட சொல்லுங்க" என்று. ஸ்டேஷனில் எல்லோரையும் நிலவறைக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. போர்டை மேலேயிருந்து கீழே கொண்டுபோக முடியாது, அதனால் அவள் போகவில்லை, அவளைக் கூட்டிக்கொண்டு போக மாடியேறின ஹெரால்டும் திரும்பவில்லை. கடைசிக் கால்மணி நேரத்தில் தீயணைப்பு வண்டி நாலு இடத்துக்குப் போயிருக்கிறது, நாலும் அவள் கொடுத்த தகவல் என்று சார்ஜெண்ட் சொல்கிறார்.

அடக்கம் முடிந்த அன்றைக்கு நீ என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "ஆறு மணிக்கு வந்துடறேன்னு சொன்னாளே, ஏன் வரல? எங்கிட்ட வர்றதவிட டெலிபோன்தான் பெருசா?" என்று கேட்டாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. அதே கேள்வியை நானும் அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதனால் சொன்னேன், இல்லடா கண்ணு, அம்மா ஆறு மணிக்கே கெளம்பிட்டா, கோட்ட மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் வந்துட்டா, உங்கிட்டதான் வந்துக்கிட்டிருந்தா என்று. நீ அழுகையை நிறுத்தினாய். அன்றைக்கு ராத்திரி தூங்கினாய். ஆக்டன் அம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன், பிள்ளை பெரிசாகட்டும் நானே சொல்கிறேன் என்று. அவள் தன் மகனைப் பறிகொடுத்தவள், எனிட் எழுந்து போயிருந்தால் ஹெரால்டு மாடியேறியிருக்கமாட்டான் என்று தெரிந்தவள், அவள் ஒரு வார்த்தை எனிட்டைப் பற்றித் தப்பாகப் பேசியதில்லை, என் பொய்யையும் பன்னிரண்டு வருஷம் காப்பாற்றிக் கொடுத்தாள். நீ பெரியவளானாய், வேலைக்குப் போனாய், கல்யாணமானாய், கப்பலேறினாய். ஒவ்வொரு தரமும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன், அப்புறம் குளிருக்கு மப்ளர் கட்டிக்கொள் என்று மட்டும் சொல்லி மூடிக்கொள்வேன்.

சூப்பிரண்டிடம் சொல்லிவிட்டேன். எழுந்து நின்று, "ஐயா, எம்பொண்ணு பொய் எழுதல, நான் சொன்னத எழுதியிருக்கா, பொய் என்னோடது" என்று சொன்னேன். உன் பெரியப்பாவுக்கே அது புதுசு, அவரும் அதுவரை நான் சொன்னதைத்தான் நம்பியிருந்தார். பிறகு நான் கெட்டிலை எடுத்து அடுப்பில் வைத்தேன், அந்த மனுஷனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன், கரண்டியை வழிக்காமல் போட்டேன். அவர் பாதி குடித்துவிட்டு, "அம்மா, நான் இந்த ஊருக்குப் புதுசு. எனக்குத் தெரிஞ்சது காகிதம்தான். காகிதம் சொன்னத மாத்த இன்னொரு காகிதம் வேணும். ஆக்டன் அம்மாவும் சார்ஜெண்டும் எழுதித் தரட்டும். ஆனா பொண்ணு எழுதினத பொண்ணுதான் திரும்ப வாங்கிக்கணும். இருபத்தெட்டாம் தேதி நகராட்சிக் குழு கூடுது, அதுக்குள்ள வந்துட்டா நானே எடுத்து வெக்கறேன்" என்றார். போகும்போது வாசலில் குனிய மறந்து தலையை இடித்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை, சிரிக்கிற நிலைமையில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்கிற நேரத்தில் எழுந்து எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். முன்வரிசையில் என் ஞாயிறு பள்ளிக் குட்டி ஒன்று, "டோர்கஸ் டீச்சர் பொய் சொன்னாங்களாம்மா" என்று சபைக்கே கேட்கும்படி தன் அம்மாவிடம் கேட்டது. ஆமாம் என்று நான் நின்ற இடத்திலிருந்தே பதில் சொன்னேன். ஆனால் ரோடா, அதற்காக என் கோபம் ஆறிப்போய்விட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். என் பொய் இல்லாவிட்டாலும் இவர்கள் நம்பர் இல்லை என்றுதானே முதலில் விட்டார்கள்? ஒரு பெண் நாலு இடத்துக்கு வண்டி அனுப்பிவிட்டு நாற்காலியிலேயே செத்தாள் என்று ஆக்டன் அம்மாவுக்கும் சார்ஜெண்டுக்கும் தெரியும், பட்டியல் எழுதுகிறவர் ஒரு ஆளிடம் வாய்விட்டுக் கேட்டாரா? எனக்கு வெட்கமும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது, இரண்டுக்கும் நெஞ்சில் இடமிருக்கிறது. சாவி இன்னும் ஏப்ரன் பையில்தான் இருக்கிறது.

கல் கொத்துகிற ஜேபசை நேற்றுப் போய்ப் பார்த்தேன். கல் படுத்துக்கிடக்கிறது, ஒன்பது பெயரும் வெட்டியாகிவிட்டது, கீழே ஒரு சாண் வெறுமையாக விட்டிருக்கிறார். "இருபத்தெட்டு வரைக்கும் உளியத் தொட மாட்டேன் டோர்கஸ். அதுக்கப்புறமும் சேதி வரலன்னா அந்த எடத்துல ஒரு இலை கொத்தச் சொல்லியிருக்காங்க, வெறுமையா விட்டா நல்லாருக்காதாம்" என்றார். இலையாம். என் தங்கச்சி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு இலை. அந்த வெற்றுக்கல்லில் கையை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது, உன் அம்மா பெயர் தாராளமாகப் பிடிக்கும். இப்போது டெலிபோன் அறையில் இருக்கிற பெண்ணுக்குப் பத்தொன்பது வயசு, அவளும் நம்பர் இல்லாதவள்தான், நினைவு ஞாயிறு அன்று சார்ஜெண்ட் கடைசியாக எனிட் பெயரைக் கூப்பிட்டால் நான் பதில் சொல்கிறேன் என்று அவளே போய்ச் சொல்லியிருக்கிறாள். கூப்பிடுகிறதற்கு ஆள் இருக்கிறது, பதில் சொல்கிறதற்கு ஆள் இருக்கிறது, ரோடா. உன் காகிதம் ஒன்றுதான் இல்லை.

உன்னிடமிருந்து நான் என்ன எடுக்கிறேன் என்று எனக்குத் தெரியும். அம்மா என்னிடம் வந்துகொண்டிருந்தாள் என்று பன்னிரண்டு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்ததை, அதுவும் இப்படிப்பட்ட நேரத்தில், கடல் தாண்டி ஒரு தபாலில் பிடுங்குகிறேன். அதற்குப் பதிலாக என்னிடம் கொடுக்க இருப்பது ஒன்றுதான், ஆக்டன் அம்மா வைத்திருந்து கொடுத்தது. அந்த நேரத்தில், அந்தச் சத்தத்தில், நாலு பக்கமும் விளக்கு மின்னுகிற போர்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, உன் அம்மா ஒரு வயரைப் பிடுங்கி உனக்காகச் செருகினாள், அவ ஏணியில ஏற வேணாம் என்று சொல்வதற்காக. அவள் டெலிபோனை விட்டுவிட்டு உன்னிடம் வரவில்லை, ஆனால் உன்னை விட்டுவிட்டு டெலிபோனில் உட்காரவும் இல்லை. இதை அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது அவ்வளவு புத்தி இல்லை.

இத்தோடு சூப்பிரண்டு டைப் அடித்துக் கொடுத்த தாள் வைத்திருக்கிறேன், மூன்றே வரிதான். படித்துவிட்டு அடியில் உன் பெயரை முழுசாக எழுது, தேதி போடு, விமானத் தபாலில் அனுப்பு, ஸ்டான் தபாலாபீசுக்குப் போகட்டும், நீ பனியில் இறங்காதே. பால் குடி, மீன் எண்ணெய் மூக்கைப் பிடித்துக்கொண்டாவது குடி, கனமான வாளி தூக்காதே. உன்னையும் உன் புருஷனையும் உன் வயிற்றுக் கனியையும் கர்த்தர் தம் சிறகுக்குள் வைத்துக் காக்கட்டும், என்னையும் மன்னிக்கட்டும், அவர் மன்னித்த பிறகு நீ யோசித்துக்கொள், அவசரமில்லை. என்னைத் திட்டி எழுத உனக்கு எத்தனை பக்கம் வேண்டுமோ எழுது, ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லமாட்டேன். ஆனால் முதலில் கையெழுத்துப் போட்ட தாள் வரட்டும் கண்ணே, திட்டு அடுத்த தபாலில் வரட்டும்.

இப்படிக்கு,
உன்னை வளர்த்த, உன்னிடம் இனி எதையும் மறைக்காத உன் பெரியம்மா
டோர்கஸ் ஹால்ஸ்டெட்

பெரியப்பா ஒரு வரி எழுதச் சொல்கிறார்: அந்தக் காகித மாலை மச்சில் தகரப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறதாம், இந்தக் கிறிஸ்துமசுக்கு அவரே ஏணி போட்டு மாட்டுகிறாராம்.